கொரியா க்ரீமும் கூக்கால் வல்லாரையும்

கொடைக்கானல் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரி, தூண்பாறை, குணா குகை என்று சுற்றிவிட்டு, ஹோம் மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து பூம்பாறை வழியாக இன்னும் உள்ளே போனால், சுமார் 40 கிலோமீட்டரில் கூக்கால் வரும். மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று படிப்படியாக வெட்டிய வயல்கள். பக்கத்தில் ஓர் ஏரி, அதை ஒட்டி சோலைக்காடு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். குளிர் அதிகம். ஆனால் வெயிலும் லேசுப்பட்டதல்ல. குளிர் இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது, அவ்வளவுதான். பூண்டு வயலில் குனிந்து நிமிரும் பெண்களின் கன்னத்தைப் பார்த்தால் அந்த வெயில் என்ன செய்யும் என்பது புரியும்.

இந்த மாதிரி மலையூர்களில் தண்ணீர் கசிகிற இடமாகப் பார்த்து ஒரு செடி தரையோடு தரையாகப் படரும். சிறுநீரக வடிவத்தில் இலை, ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு, கணுவுக்குக் கணு வேர். வல்லாரை! "நல்லா படிப்பு வரும், சாப்பிடு" என்று பரீட்சை நேரத்தில் தட்டில் விழுமே, அதே வல்லாரைதான். சமவெளியில் வயல் வரப்பில் வளரும், மலையில் ஓடைக்கரையில் வளரும். சந்தையில் ஒரு கட்டு சில ரூபாய்தான்.

இப்போது ஒரு கொரியா க்ரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். "சிகா" என்று பெரிதாகப் போட்டிருக்கும். வயதான தோலுக்கு, சுருக்கத்துக்கு, சிவந்துபோன தோலுக்கு என்று விற்கிற சமாச்சாரம். பொடி எழுத்தில் மூலப்பொருள் பட்டியல் இருக்கும். அதில் "சென்டெல்லா ஏசியாட்டிகா" என்று வந்தால், அது நம்ம வல்லாரையின் அறிவியல் பெயர். 50 மில்லி டப்பா சில சமயம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும்.

"பார்த்தீங்களா, நம்ம மூலிகையைத் திருடிட்டான்!" என்று உடனே கிளம்பிவிட வேண்டாம். கதை அப்படிப் போகவில்லை. இதில் பாண்டிச்சேரி வருகிறது, மெட்ராஸ் வருகிறது, மொரீஷியஸ், மடகாஸ்கர் எல்லாம் வருகிறது. கொரியா கடைசியில்தான் வருகிறது. அதைவிட முக்கியம், இந்தக் கதை அழகில் ஆரம்பிக்கவே இல்லை. தொழுநோயில் ஆரம்பிக்கிறது.

வல்லாரையை வெள்ளைக்காரர்கள் ஏட்டில் ஏற்றியது ரொம்ப முன்னாலேயே நடந்துவிட்டது. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 12 பாகங்களில் ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார் (1678 முதல் 1693 வரை). அதன் பத்தாம் பாகத்தில் மலையாளப் பெயரோடு வல்லாரையின் படம் இருக்கிறது. 1753-ல் லின்னேயஸ் அதற்கு ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகா என்று பெயர் வைத்தார். சென்டெல்லா என்று மாறியது 1879-ல்.

அடுத்து ஐன்ஸ்லி. மெட்ராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக இருந்தவர். தமிழ் வைத்தியர்கள் என்னென்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி 1813-ல் மெட்ராஸிலேயே ஒரு புத்தகம் போட்டார், 1826-ல் அதைப் பெரிதாக்கி லண்டனில் வெளியிட்டார். வல்லாரை பற்றி அவர் குறித்தது என்ன தெரியுமா? குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கும் காய்ச்சலுக்கும் இலையை வறுத்து, வெந்தயம் சேர்த்துக் கொடுப்பார்கள். அடிபட்டு வீங்கின இடத்தில் பற்றுப் போடுவார்கள். ஆக, தோலுக்கு மேலே வல்லாரை போடுவது தமிழ் வைத்தியர்களுக்குக் கொரியாவுக்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்த விஷயம். ஆனால் அது அடிபட்ட தோலுக்கு. இளமையாக இருக்க வேண்டும் என்று யாரும் அதைத் தடவியதாக அவர் எழுதவில்லை.

இங்கேதான் திருப்பம். 1852 வாக்கில் மொரீஷியஸில் புவாலோ என்று ஒரு டாக்டர். அவருக்கே தொழுநோய். மொரீஷியஸில் வல்லாரை "பெவிலாக்வா" என்ற பெயரில் பழக்கம். அதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, பலன் இருக்கிறது என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1873-ல்தான். அதுவரை இது பரம்பரையா, சாபமா, தொற்றா என்றே தெரியாது. வைத்தியம் என்று பார்த்தால் நீரடிமுத்து எண்ணெய் மாதிரி ஒன்றிரண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் நோயாளியாக இருக்கிற டாக்டரே ஒரு மருந்து இருக்கிறது என்று சொன்னால் உலகம் சும்மா இருக்குமா?

செய்தி இந்தியாவுக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த பாண்டிச்சேரியில் ழூல் லெபீன் என்று ஒரு கடற்படை மருந்தாளுநர். 1855-ல் வல்லாரையை எடுத்து வேதியியல் ஆய்வு செய்தார். எண்ணெய் மாதிரி, கசப்பும் காரமுமாக, பச்சை வல்லாரை வாசனையோடு ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இதுதான் வல்லாரையின் சாரம் என்று நினைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் அழகு: "வெல்லாரின்". ஆமாம், தமிழ்ப் பெயரான வல்லாரையிலிருந்தே! லத்தீன் பெயர் இருந்தது, சமஸ்கிருதப் பெயர் இருந்தது (மண்டூகபர்ணி, தவளை இலை). இருந்தும் பாண்டிச்சேரி சந்தையில் காதில் விழுந்த பெயரைத்தான் அந்த மனிதர் பிரெஞ்சு வேதியியலுக்குள் கொண்டுபோனார். லெபீன் பெயரில் வல்லாரை உருண்டைகளும் சிரப்பும் பாரிஸில் விற்பனைக்கும் வந்தன. இன்றைய சிகா டப்பாக்களுக்குக் கொள்ளுத்தாத்தா என்று அவற்றைச் சொல்லலாம். பாரிஸ் டாக்டர்கள் சிலர் எக்ஸிமா போன்ற தோல் நோய்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

அதே 1855-ல் மெட்ராஸ் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹண்டர் என்பவர் நோயாளிகளுக்கு வல்லாரை கொடுத்துச் சோதித்தார். முடிவை நேர்மையாக எழுதிவைத்தார். தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் உபாதைகள் குறைகின்றன, பொதுவான உடல்நிலை தேறுகிறது. பலர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் இப்படி எழுதியதற்கு ஒரு சபாஷ் போடலாம். என்ன, இந்தக் கதையில் வருகிற எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, சாப்பிட்டுப் பார்த்த அந்த மெட்ராஸ் நோயாளிகளைத் தவிர. கொரியா க்ரீமின் முதல் "யூஸர்கள்" என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

1868-ல் வெளியான இந்திய மருந்துநூலில் (ஃபார்மகோபியா என்பார்களே, அதில்) வல்லாரைக்கு அதிகாரபூர்வமான இடம் கிடைத்தது. பிரான்சிலும் 1884-ல் மருந்துப் பட்டியலில் ஏறியது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் வெல்லாரின்? அதுதான் சோகம். ஃப்ளூக்கிகர் என்று பெரிய மருந்தியல் பேராசிரியர் ஒருவர், லெபீன் சொன்னபடியே வல்லாரையை ஆராய்ந்து பார்த்தார். அந்த மாதிரி ஒரு பொருள் அவருக்குக் கிடைக்கவே இல்லை. லெபீன் பிரித்தது பல பொருட்களின் கலவையாக இருந்திருக்கலாம். வேதியியலில் இரண்டாவது ஆள் செய்து பார்த்து வரவில்லை என்றால் அந்தப் பெயருக்கு மதிப்புக் கிடையாது. ஒரு தமிழ்ச் சொல் ஐரோப்பிய மருந்துப் புத்தகங்களுக்குள் நுழைந்து, சில பத்தாண்டுகள் தள்ளாடி, மெதுவாக மறைந்துவிட்டது. யாரும் திருடவில்லை. கணக்கு தப்பாகிவிட்டது, அவ்வளவே.

பிறகு ஒரு நீண்ட மௌனம். அரை நூற்றாண்டுக்கு மேல் தாண்டி, கதை இந்தியப் பெருங்கடலின் அந்தப் பக்கம், அப்போது பிரெஞ்சுக் காலனியாக இருந்த மடகாஸ்கரில் மறுபடி தொடங்குகிறது. காரணம் மறுபடியும் தொழுநோய்தான். 1941-ல் போன்தாம் என்ற வேதியியலாளர் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து ஒரு பொருளைச் சுத்தமாகப் பிரித்தார். இந்த முறை கணக்கு சரி. பெயர் ஆசியாட்டிகோசைடு. பியர் புவாட்டோ என்ற தாவரவியலாளரும் மற்றவர்களும் அதைத் தொழுநோயாளிகளிடம் சோதித்தார்கள். 1949-ல் நேச்சர் இதழில் கட்டுரையே வந்தது.

ஆனால் இங்கேயும் வல்லாரைக்கு அதிர்ஷ்டம் இல்லை. அதே 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்துவிட்டன. தொழுநோய்க் கிருமியை நேரடியாக அடிக்கிற முதல் உருப்படியான மருந்து. அதன் முன்னால் வல்லாரை நிற்க முடியாது. நியாயமாகப் பார்த்தால் வல்லாரைக் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம் புண்கள். கிருமியை என்ன செய்ததோ, புண் ஆறுவதை மட்டும் எல்லோரும் கவனித்திருந்தார்கள். மெட்ராஸில் ஹண்டர் சொன்ன "உபாதை குறைகிறது" என்ற வரி நினைவிருக்கிறதா? மடகாஸ்கரில் பிறந்து பாரிஸில் படித்த ஆல்பெர் ரக்கோட்டோ ரட்சிமமங்கா என்ற விஞ்ஞானி (1907–2001) இதை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான் மடெக்கசால் களிம்பு. லரோஷ் நவரோன் என்ற பிரெஞ்சுக் கம்பெனி விற்றது. களிம்பின் பெயருக்குள்ளேயே மடகாஸ்கர் உட்கார்ந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. வல்லாரையில் பிறகு கண்டுபிடித்த பொருட்களுக்கு மடெக்காசிக் அமிலம், மடெக்காசோசைடு என்று பெயர். வெல்லாரின் போன இடத்தில் மடெக்காசோசைடு வந்து உட்கார்ந்துகொண்டது. ரட்சிமமங்கா 1957-ல் தன் நாட்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் தொடங்கினார். (பிறகு சுதந்திர மடகாஸ்கரின் முதல் பிரான்ஸ் தூதராகவும் ஆனார். எங்கே நேரம் கிடைத்ததோ!)

இனி கொரியா. டோங்குக் என்ற கொரிய மருந்துக் கம்பெனி 1970களில் மடெக்கசாலை அங்கே கொண்டுவந்தது. நம் வீடுகளில் பர்னால், போரோலின் எப்படியோ அப்படி, கொரிய வீடுகளில் குழந்தை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மடெக்கசால். ஒரு தலைமுறையே அதைப் பூசிக்கொண்டு வளர்ந்தது. இந்த நம்பிக்கைக்குத்தான் வியாபாரத்தில் விலையே கிடையாது. 2015-ல் அதே கம்பெனி சென்டெல்லியன்24 என்ற பெயரில் மடேகா க்ரீமை விட்டது. புண் ஆற்றும் களிம்பு முகத்துக்குப் போகும் க்ரீமாகப் பதவி உயர்வு பெற்றது. பின்னாலேயே மற்ற பிராண்டுகளும் வரிசையாக. "சிகா" என்ற சொல்லே தழும்பு, காயம் ஆறுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். பல டப்பாக்களில் "மடகாஸ்கர்" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். வல்லாரை கொரியாவின் ஜேஜு தீவிலும் தென்கரையிலும் தானாகவே வளரும் செடி. "ப்யோங்புல்" என்று அதற்குச் சொந்தப் பெயரே உண்டு. இருந்தாலும் விற்பது மடகாஸ்கர் பெயர்தான்!

சரி, வயதான தோலுக்கு இது உண்மையிலேயே வேலை செய்கிறதா? அத்தைகளும் சித்திகளும் கேட்கிற கேள்வி அதுதானே.

தோலை விறைப்பாக வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். வயது ஏற ஏற உடம்பு அதைக் குறைவாகச் செய்யும். வெயில் இருப்பதையும் உடைக்கும். புண் ஆறுவதற்கும் இதே கொலாஜன்தான் வேண்டும். புண்ணிலிருந்து சுருக்கத்துக்குத் தாவியதன் தர்க்கம் இதுதான். 1990-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வல்லாரைச் சாரம் மனிதத் தோல் செல்களைக் கொலாஜன் அதிகம் செய்யவைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். ஆனால் கிண்ணத்தில் வளரும் செல் வேறு, ஐம்பது வயது முகம் வேறு. 2008-ல் வந்த ஓர் ஆய்வு அதைவிட நேரடியானது. வெயிலில் மூப்படைந்த தோலுள்ள 20 பெண்கள், 6 மாதம், 5 சதவீதம் வைட்டமின் சி-யும் 0.1 சதவீதம் மடெக்காசோசைடும் கலந்த க்ரீம். சுருக்கமும் தொய்வும் ஓரளவு குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் 20 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. பலன் வைட்டமின் சி-யாலா வல்லாரையாலா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்லவும் முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. 2013-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. சுருக்கத்தைக் குறைக்கிற மருந்து என்று பார்த்தால், 1980களிலிருந்து அதிகமாக நிரூபணமானது ரெட்டினாய்டு வகைதான். அது தோலை எரிக்கும், உரிக்கும். அந்த எரிச்சலைத் தணிக்க வல்லாரை க்ரீம் பொருத்தமாக இருக்கும். ஆக, வல்லாரைக்கு நியாயமான இடம் துணைநடிகர் இடம். டப்பாவில் போஸ்டர் அடித்திருப்பது மட்டும் கதாநாயகன் அளவுக்கு :-)

இத்தனை நடக்கும்போது இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது? நாம் வல்லாரையை மூளைக்கு அனுப்பிவிட்டோம்! 1973-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்தது. ஞாபகசக்தி மாத்திரை, ஞாபகசக்தி சாக்லேட் என்று சந்தையும் அந்தப் பக்கமே போனது. ஐன்ஸ்லி எழுதிவைத்த அடிபட்ட வீக்கம், ஹண்டர் பார்த்த நோயாளிகள் எல்லாம் பழைய புத்தகங்களில் தூங்கின. தோல் பக்கம் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் யார் என்றால், சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். செருப்புத் தோல், பெல்ட் தோல் ஆராய்கிற இடம்தான். மாட்டுத் தோலில் இருப்பதும் கொலாஜன்தானே, அதனால் அவர்களுக்கு அது கைவந்த கலை. 1996-ல் எலிகளின் காயத்தில் வல்லாரைச் சாரம் கொலாஜனைக் கூட்டுகிறது, காயம் சீக்கிரம் ஆறுகிறது என்று அங்கிருந்து கட்டுரை வந்தது. டோங்குக்கின் மடேகா க்ரீமுக்கு 19 ஆண்டு முன்பு! ஆனால் கட்டுரைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கம்பெனி வேண்டும், ஒரு களிம்பு வேண்டும், அதை நம்பி வாங்கும் ஒரு தலைமுறை வேண்டும். அவை கொரியாவிடம் இருந்தன.

கூக்கால் பக்கத்தில் விளையும் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று வேறு எவனும் தன் பூண்டை விற்க முடியாது. வல்லாரைக்கு அப்படிக் கேட்க முடியுமா? முடியாது. இலங்கையில் கொட்டுகொல என்று சிங்களவர்களும், வல்லாரைச் சம்பல் என்று யாழ்ப்பாணத்துக்காரர்களும் சாப்பிடுவது அதைத்தான். ஜேஜுவிலும் வளர்கிறது, மடகாஸ்கரிலும் வளர்கிறது. இத்தனை ஊரில் தானாக வளர்கிற செடிக்கு யாரும் பட்டா கேட்க முடியாது. கேட்கக்கூடியது பெயரைத்தான். அதற்கு ஆய்வகம் வேண்டும் என்று மடகாஸ்கர் காட்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: மடகாஸ்கர்ச் செடிகளில் ஆசியாட்டிகோசைடு பொதுவாக அதிகம். மண், மழை, ரகம் எல்லாம் சேர்ந்து அளவை மாற்றும். பழனி மலை வல்லாரையை ஊர்வாரியாக அளந்து, நல்ல ரகம் பிரித்துப் பயிரிட்டால், பூண்டுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு பயிராகலாம்.

அதற்காக, ஓடையில் பறித்து அரைத்து முகத்தில் பூசக் கிளம்ப வேண்டாம். களிம்பில் போகும் சாரம் சும்மா அரைத்த இலை அல்ல. 40 சதவீதம் ஆசியாட்டிகோசைடு, மீதி 60 சதவீதத்தில் ஆசியாட்டிக் அமிலமும் மடெக்காசிக் அமிலமும் சரிபாதி என்று அளந்து பிரித்தது. பச்சை இலை சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். அதுபோக வல்லாரை தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி, வயலுக்கு அடிக்கிற மருந்து எல்லாம் கடைசியில் ஓடைக்குத்தான் வரும். இலையிலும் ஏமாறலாம். லின்னேயஸ் வைத்த பழைய பெயரான ஹைட்ரோகோட்டைலைத் தாங்கிய வேறு செடிகள் இந்த மலையிலேயே உண்டு, இலை கிட்டத்தட்ட வல்லாரை மாதிரியே இருக்கும். சோலைக்குள் போய்ப் பறிப்பதும் கூடாது. கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது, அதன் எல்லைக்குள் செடி பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். சந்தையில் கட்டு வாங்கித் துவையல் அரைத்தால் பிரச்சனை இல்லை. கூக்கால் வெயிலில் நிற்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது அகலமான ஒரு தொப்பி. உயரம் 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, ஊரோ கிட்டத்தட்ட அதைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது.